நீட்டப்பட்ட கரம் ஓர் அமானிதம்



இவ்விதழ் செல்லும் இல்லங்கள் பலவற்றில் மருத்துவமனைப் பணிக்குச் செல்லும் பிள்ளைகள் உண்டு. சிறுநீரகம் பழுதுற்று டயாலிசிஸ் செய்துகொள்ளும் பெரியவர்களும் சில இல்லங்களில் இருக்கலாம். இவ்விரு சாராரையும் மனத்திற்கொண்டே இம்மாதம் எழுதுகிறேன்.

ஏனைய நோயாளிகள் சில நாள் தங்கி வீடு திரும்பிவிடுவர். டயாலிசிஸ் நோயாளியோ வாரம் இரண்டு அல்லது மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 4 மணி நேரம், ஆண்டுக்கணக்கில் வருகிறார். வெளியூரில் வாழும் தம் மக்களைக் காட்டிலும் நர்ஸையும் டெக்னீஷியனையுமே அவர் மிகுதியாகக் காண்கிறார். இத்தகைய நெருக்கத்தில் அன்பு மலர்வது இயல்பு. அந்த அன்பு நீதியைக் குலைத்துவிடாமல் காப்பதுதான் இப்பணியின் கடினமான ஒழுக்கம்.

இச்சிகிச்சையின் வரலாறே இதற்குச் சான்றாகும். நெதர்லாந்தின் காம்பன் நகரில், ஜெர்மானிய ஆக்கிரமிப்பின் நடுவே, 1943இல் வில்லெம் கோல்ஃப் எனும் மருத்துவர் தாம் உருவாக்கிய செயற்கைச் சிறுநீரகத்தை முதன்முதலாக நோயாளிக்குப் பொருத்தினார். தொடக்கத்தில் சிகிச்சை பெற்றவர்களுள் ஏறத்தாழ அனைவருமே இறந்துபோயினர். 1945இல் இக்கருவியால் உயிர் பிழைத்தவர் 67 வயது மூதாட்டி ஒருவர். அவர் யார் தெரியுமா? ஆக்கிரமிப்பாளருக்குத் துணைபோனவர் என்று சிறையில் அடைக்கப்பட்டு, ஊராரின் வெறுப்புக்கு ஆளானவர்! கோல்ஃப் அவருடைய நோயை மட்டுமே பார்த்தார்.

ஆண்டுக்கணக்கில் தொடரும் சிகிச்சை, 1960இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் மருத்துவர் ஸ்கிரிப்னரால் கைகூடியது. ஆனால் கருவிகளோ மிகக் குறைவு. எனவே யாருக்குச் சிகிச்சை அளிப்பது என்று முடிவுசெய்யப் பொதுமக்களைக் கொண்ட ஒரு குழு அமைக்கப்பட்டது. வருமானம், குடும்பம், தேவாலய ஈடுபாடு ஆகியவற்றையெல்லாம் அக்குழு எடைபோட்டது. 1962இல் இச்செய்தி ஒரு வார இதழில் வெளியானபின் கடுங்கண்டனங்கள் எழுந்தன. மனிதனின் தகுதியை மனிதன் எடைபோடுவது எத்துணை ஆபத்தானது என்பதை உலகம் உணர்ந்தது.

இன்று அக்குழு இல்லை. ஏழைகளுக்கு இலவச டயாலிசிஸ் வழங்கும் தேசியத் திட்டத்தை நம் நாட்டு அரசு 2016இல் அறிவித்தது. ஆயினும் சிறு தராசு ஒன்று இன்றும் ஊழியரின் கையில் இருக்கிறது. யாரை முதலில் கருவியில் இணைப்பது? எவருடைய அலாரம் ஒலித்தால் விரைந்து ஓடுவது? பெருநாளன்று அனைவருக்குமாகக் கொடுத்தனுப்பும் பிரியாணி அன்பின் அடையாளம். "வாப்பாவுக்குக் காலை நேரத்தையே ஒதுக்கிக் கொடுங்கள்" என்று கையில் திணிக்கும் கவரோ, மற்றொரு நோயாளியின் நேரத்தைப் பறிக்கும் இலஞ்சம். அதனை இன்முகத்தோடு மறுப்பவரே நல்ல ஊழியர்.

அடுத்து, நாவின் ஒழுக்கம். இருமுறைக்கு இடையே உடலில் நீர் ஏறி எடை கூடிவிட்டால், பலர் முன்னிலையில் "சொன்னால் கேட்கமாட்டீரா?" என்று அதட்டுவோர் உண்டு. அதட்டப்பட்டவர் அடுத்த முறை உண்மையை மறைப்பார். இளநீரும் பேரீச்சம்பழமும் பொட்டாசியம் மிகுந்தவை. அவற்றை உண்டதை அவர் மறைத்தால், இதயமே நின்றுவிடும் ஆபத்து உண்டு. கனிவாகக் கேட்டால் உண்மை வெளிவரும். நோன்பு நோற்க விழையும் நோயாளியையும் ஏளனம் செய்யலாகாது. மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். நோயாளிக்கு மார்க்கம் அளித்துள்ள சலுகையை வீட்டார் அன்போடு எடுத்துரைக்க வேண்டும்.

மூன்றாவது, இரகசியம். ஹெபடைடிஸ் பி உள்ளவருக்குத் தனிக் கருவி ஒதுக்குவது மருத்துவ நியதி. ஆனால் காரணத்தை அடுத்த கட்டிலில் இருப்பவரிடம் சொல்வது அமானித மோசடியாகும். தொற்று ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் பரவாதிருக்க, ஒவ்வொரு நோயாளிக்கும் கைகழுவிப் புதிய கையுறை அணிவதே கடமை, வம்பு பேசுவதன்று.

கழுத்திலோ கையிலோ ஊசி, குழாய் பொருத்தும்போது பெண்களின் ஆடையை விலக்க நேரிடும். திரையை இழுத்துவிட்டு, அனுமதி கேட்டு, தேவையான அளவே விலக்குவது பண்பாடு. மயக்கமின்றி விழித்திருக்கும் நோயாளி அனைத்தையும் காண்கிறார், கேட்கிறார் என்பதை மறவாதீர்.

இல்லத்தார்க்கும் ஒரு சொல். ஊழியரிடம் சலுகை கேளாதீர்கள்; கடன் கேளாதீர்கள்; கொடுக்கவும் செய்யாதீர்கள். குறையிருப்பின் பொறுப்பாளரிடம் முறையாகச் சொல்லுங்கள். நன்றியை ஒரு நல்ல சொல்லாலும் துஆவாலும் தெரிவியுங்கள்.

ஃபிஸ்டுலா அமைக்கப்பட்ட கரத்தை ஒரு நோயாளி உங்கள் முன் நீட்டும்போது, அவர் தம் உயிரையே ஒப்படைக்கிறார். செல்வர் நீட்டினாலும் வறியவர் நீட்டினாலும், அந்தக் கரத்தின் மதிப்பு ஒன்றே அன்றோ?