என்னைத் தெரியாத என் சிநேகிதன்

நாலு வருசமாக ரொறன்ரோவிலிருந்து மொன்றியலுக்கு இரவில் ட்ரக் ஓட்டுகிறேன். போக ஐந்தரை மணித்தியாலம், வர ஐந்தரை மணித்தியாலம். பக்கத்து சீற்றில் ஒருவரும் இல்லை. ஆனால் காதுக்குள் ஒருத்தர் இருக்கிறார். ஒரு ஹொலிவூட் நடிகர். பெயர் வேண்டாம். கிழமைக்கு இரண்டு பொட்காஸ்ட் போடுகிறார். அவருடைய முழங்கால் நோ, மகள் பள்ளிக்கூடத்தில் பட்ட பாடு, அவர் குடியை விட்ட கதை எல்லாம் எனக்குத் தெரியும். யாழ்ப்பாணத்தில் இருக்கிற என்ரை தம்பிக்கு முழங்கால் எப்படி என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

போன வருசம் அவர் நித்திரைக்கு நல்லதென்று ஒரு குளிசையைப் பற்றிச் சொன்னார். விளம்பரம்தான். ஆனால் விளம்பரம் மாதிரி இல்லை. தானும் நேற்றுப் போட்டுவிட்டுத்தான் படுத்ததாக, கதையோடு கதையாகச் சொன்னார். எழுபது டொலர். வாங்கினேன். நித்திரை வந்தபாடில்லை. மனிசி போத்தலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஆரப்பா உதை வாங்கச் சொன்னது?"

"நான் எந்த நாளும் கேக்கிற ஆள்."

"அவருக்கு உங்களைத் தெரியுமோ?"

என்னிடம் பதில் இல்லை.

இந்த வித்தை புதிசில்லை. 1943 செப்ரெம்பரில் கேற் ஸ்மித் என்ற பாடகி அமெரிக்க வானொலியில் 18 மணித்தியாலத்துக்குள் 65 தடவை வந்து, போர்க்கடன் பத்திரம் வாங்கும்படி சனத்திடம் கேட்டார். 39 மில்லியன் டொலருக்கு விற்பனை. ஏன் வாங்கினீர்கள் என்று சமூகவியலாளர் றொபேர்ட் மேர்ட்டன் கேட்டவர்களிடம் போய் விசாரித்து 1946இல் புத்தகமாக எழுதினார். பலரை இழுத்தது பத்திரத்தின் நன்மை தீமை அல்ல. அவர் எங்களைப்போல ஒரு ஆள், மனதாரக் கதைக்கிறார் என்ற நம்பிக்கைதான். 1956இல் ஹோர்ட்டன், வோல் என்ற இருவர் இதைத் தூரத்திலிருந்து வருகிற நெருக்கம் என்றார்கள். ஒருபக்கத்துச் சிநேகம்.

பொட்காஸ்டில் அது இன்னும் வலு சுகம். வானொலி ஆள் மேடையிலிருந்து கதைத்தார். இவர் காதுக்குள் இருந்து கதைக்கிறார். தடுமாறுகிற இடத்தை வெட்டுவதில்லை. தன்னுடைய பிழையைத் தானே சொல்லிச் சிரிக்கிறார். பிழையை ஒப்புக்கொள்கிறவன் பொய் சொல்லமாட்டான் என்று எங்கள் மனம் தானாகவே கணக்குப் போட்டுவிடுகிறது.

அரசியல்வாதிகளுக்கும் இது விளங்கிவிட்டது. 2024 ஒக்ரோபரில் கமலா ஹரிஸ் அலெக்ஸ் கூப்பரின் நிகழ்ச்சிக்குப் போனார். அதே மாதம் டொனால்ட் ட்ரம்ப் ஜோ றோகனோடு கிட்டத்தட்ட மூன்று மணித்தியாலம் இருந்து கதைத்தார். தேர்தலுக்கு முதல்நாள் றோகன் ட்ரம்புக்கு ஆதரவு சொன்னார். அவ்வளவு நேரம் ஒருவர் சிரித்துக் கதைப்பதைக் கேட்டபிறகு, சொன்னது சரியா பிழையா என்பது பின்னுக்குப் போய்விடும். ஆள் நல்லவர்போல இருக்கிறார் என்பதுதான் மிஞ்சும்.

குளிசைக் கதையை மறந்துவிடலாம், எழுபது டொலரோடு போச்சு. நான் எழுத வந்தது வேறு.

சில மாதங்களுக்கு முன் அந்த நடிகரிடம் ஒரு விருந்தாளி வந்திருந்தார். நாய் வளர்ப்பு, உடற்பயிற்சி, சாப்பாடு என்று பம்பலாகப் போனது கதை. இடையில் அகதிகள் பற்றி வந்தது. பாதிப்பேர் விசாரணையில் கதை கட்டுகிறார்கள் என்றார் விருந்தாளி. எங்கடை ஆள் எதிர்த்தும் கேட்கவில்லை, ஆமென்றும் சொல்லவில்லை. "ம்ம்..." என்றார். யோசிக்கவேண்டிய விசயம்தான் என்றார். திரும்ப நாய்க் கதை.

நான் ஸ்ரேறிங்கைப் பிடித்தபடி தலையாட்டினேன்.

கிங்ஸ்ரன் தாண்டியபிறகுதான் எனக்கு உறைத்தது. தலையாட்டினது ஆர்? அதே விசாரணை அறையில், மொழிபெயர்ப்பாளருக்குப் பக்கத்தில் இருந்து, அண்ணரைப் பிடித்துக்கொண்டு போன திகதியை மூன்று தரம் சொன்னவன். நீ சொல்வது உண்மையா என்று கேட்கப்பட்டவன். அதையே ஒரு அரசியல்வாதி மேடையில் கத்தியிருந்தால் ஒரு நிமிசத்தில் நிறுத்தியிருப்பேன், நாலு தூசணமும் சொல்லியிருப்பேன். சிநேகிதன் சொன்னபடியால் உள்ளே விட்டுவிட்டேன். அதுவும் அவர் சொல்லக்கூட இல்லை, "ம்ம்" என்றவர் மட்டும்தான்.

என்னையே தலையாட்ட வைக்குமென்றால், அகதி ஒருவனையும் நேரில் கண்டிராத மற்ற ட்ரக்காரனை என்ன செய்யும்?

கேட்காதையுங்கோ என்று சொல்ல வரவில்லை. நானும் விடவில்லை. 401இல் நடுச்சாமத்தில் தனியப் போய்ப் பார்த்தால் தெரியும், ஒரு குரல் எவ்வளவு பெரிய துணை என்று. ஆனால் அங்கே ஆரைப் பற்றிக் கதை வந்தாலும், அந்த ஆட்களில் ஒருத்தர் எப்போதாவது அந்தக் கதிரையில் இருந்தாரோ என்று இப்போது பார்க்கிறேன். நாலு வருசத்தில் நான் கேட்டவரைக்கும் ஒரு அகதி இருக்கவில்லை.

மனிசி கேட்ட கேள்வியையும் மறக்கவில்லை. அவருக்கு உங்களைத் தெரியுமோ?