வெண்கலப் பாம்பு உணர்த்தும் பாடம்

"விலங்குருவைச் செய்து வணங்கலாகாது எனும் விவிலியமே, மூஸா நபி (அலை) வெண்கலப் பாம்பு செய்ததையும் கூறுகிறதே, இது முரணன்றோ?" என்று வகுப்பில் மாணவர் ஒருவர் நம்மை வினவினார். நல்ல வினா, விடை காண முற்படுவோம்.

யாத்திராகமம் 20ஆம் அதிகாரம் சுருங்கக் கூறும் இவ்விலக்கை, உபாகமம் 4ஆம் அதிகாரம் விலங்கு, பறவை, ஊர்வன, மீன் என வகைப்படுத்தி விரித்துரைக்கிறது. ஆப்பிசு எனும் காளையைப் போற்றிய எகிப்திலிருந்து மீண்ட மக்களுக்கு இவ்விரிவு தேவையாயிற்று. அவர்களோ பொன் காதணிகளை உருக்கிக் கன்றுக்குட்டி வார்த்தனர். வார்த்தவர் ஆரோன் என்கிறது விவிலியம். சாமிரி என்றும், ஹாரூன் நபி (அலை) தடுத்துரைத்தார் என்றும் கூறுகிறது திருக்குர்ஆன். அவ்வழிபாடு பெரும்பிழை என்பதில் இரு வேதங்களும் ஒன்றுபடுகின்றன.

ஆயின், உருச்சமைத்தல் முழுவதும் விலக்கப்பட்டதா? சாலமோன் எழுப்பிய ஆலயத்தில் வெண்கல நீர்த்தொட்டியைப் பன்னிரு காளையுருவங்கள் தாங்கின என்கிறது விவிலியம். அவை தொட்டியைத் தாங்கின, தொழுகையைப் பெறவில்லை. பாம்பும் அத்தகையதே. பாம்புக்கடியுற்றோர் நோக்கிப் பிழைக்கும்பொருட்டு, இறையாணையால் அது கம்பத்தில் உயர்த்தப்பட்டது.

நூற்றாண்டுகள் கழிந்தன. மக்கள் அப்பாம்புக்கே தூபங்காட்டலாயினர். கி.மு. 8ஆம் நூற்றாண்டில் யூதா நாட்டில் அரியணை ஏறிய எசேக்கியா மன்னர் அதனை உடைத்தெறிந்தார். மூஸா நபியின் கைபட்ட பொருளாயிற்றே என அவர் தயங்கவில்லை. அந்நபி கற்பித்த நெறியைக் காக்கவே, அவர் செய்த பொருளை உடைத்தார். ஆகவே முரண் ஏதுமில்லை. விலக்கப்பட்டது வெண்கலமன்று, வணக்கமே.

ஈண்டு ஊன்றி நோக்கற்பாலது ஒன்றுண்டு. உடைக்கப்பட்டது அயலார் உருவமன்று. தம் முன்னோர் விட்டுச்சென்ற அரும்பொருள். இலக்கணம் பயிலும் மாணவர் இன்னொன்றும் அறிக: அவ்விலக்கு முன்னிலை ஒருமையில் அமைந்தது; படர்க்கையில் அன்று. கேட்பவன் தன்னைத் திருத்திக்கொள்ளவே அது கூறப்பட்டது. பிறர்மேல் எறியும் கல்லாக அன்று. பிறர் வணங்குவனவற்றை ஏசலாகாது எனத் திருக்குர்ஆன் 6ஆம் அத்தியாயமும் நம்மைத் தடுக்கிறது.

முன்னோர் நன்னோக்கத்துடன் வகுத்த வழக்கங்கள் நம்மிடையேயும் பல. நோக்கம் மறந்து வழக்கத்தையே போற்றுவோமாயின், நம் கையில் எஞ்சுவதும் வெறும் வெண்கலமே. பெரியோர்களும் மாணவச் செல்வங்களும் இதனைச் சிந்திப்பார்களாக! பிறர் இல்லத்தை நோக்குமுன் நம் இல்லத்தை நோக்குவோமாக!