அரிப்புக்கு புது ஊசி வந்தாச்சு... உங்க கையில இருக்கிற டியூப்ல என்ன இருக்கு?

சுங்குவார்சத்திரத்தில் ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்குகிறீர்கள். வியர்வையில் ஊறிய யூனிஃபார்ம், காலையிலிருந்து கழற்றாத ஷூ. தொடை இடுக்கில் வட்டம் வட்டமாகச் சிவந்து, அரிப்பு உயிர் போகுது. மெடிக்கல் ஷாப்பில், "அண்ணா, அரிப்புக்கு ஒரு க்ரீம் குடுங்க" என்று வாங்கித் தடவுகிறீர்கள். ரெண்டே நாளில் அரிப்பு காணோம். ஆனால், தடவுவதை நிறுத்தியதும் முன்பைவிடப் பெரிதாகத் திரும்பி வருகிறது. ஏன்?

டியூபுக்குள் நடப்பது இதுதான்!

அது பெரும்பாலும் படர்தாமரை, அதாவது பூஞ்சைத் தொற்று. இப்படிக் கைக்கு வரும் க்ரீம்கள் பலவற்றில் பூஞ்சை மருந்தோடு, 'க்ளோபெட்டசால்' போன்ற வீரியமான ஸ்டீராய்டும் கலந்திருக்கும். ஸ்டீராய்டு அரிப்பை அடக்கும். கூடவே தோலின் எதிர்ப்பு சக்தியையும் அடக்கிவிடும். பூஞ்சைக்குக் கொண்டாட்டம்தான். மருத்துவர் சீட்டு இல்லாமல் ஸ்டீராய்டு க்ரீம்களை விற்கக் கூடாது என்று 2018-லேயே மத்திய அரசு விதியை இறுக்கியது.

இதற்கிடையில், 'ட்ரைக்கோஃபைட்டான் இண்டோட்டினியே' என்ற பூஞ்சைக்கு 2020-ல் பெயர் வைத்தார்கள். பெயரிலேயே இந்தியா இருக்கிறது! வழக்கமான டெர்பினாஃபின் மாத்திரைக்குப் பல நேரங்களில் மசியாத இது, 2023-ல் நியூயார்க்கிலும் கண்டறியப்பட்டது.

புது மருந்துகள் கைகொடுக்குமா?

எல்லா அரிப்பும் ஒன்றல்ல. திடீர்த் தடிப்புக்கு ஹிஸ்டமின் காரணம், செட்ரிசின் கேட்கும். எக்ஸிமாவில் 'ஐ.எல்-31' என்ற புரதம் நேராக நரம்பையே தூண்டுகிறது. அந்தச் சிக்னலைத் தடுக்கும் 'நெமோலிசுமாப்' ஊசிக்கு 2024-ல் அமெரிக்கா அனுமதி தந்தது. நம் பெங்களூரு பயோகான், சொரியாசிஸுக்கு 2013-லேயே 'இட்டோலிசுமாப்' கொண்டுவந்தது.

எல்லாமே நல்ல செய்திதான். ஆனால், இந்த ஊசிகள் எதுவும் பூஞ்சையைக் கொல்லாது. பூஞ்சைக்கு நம் கைவசம் இருக்கும் மருந்து வகைகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. அவற்றையும் அரைகுறையாகப் பயன்படுத்தி வீணடித்தால், அடுத்து என்ன செய்வது?

நீங்க செய்ய வேண்டியது

டியூபில் க்ளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன் என்று பெயர் இருக்கிறதா, படித்துப் பாருங்கள். இருந்தால், அதோடு அரசு மருத்துவமனையின் தோல் பிரிவுக்குப் போங்கள். அரிப்பு நின்றாலும், டாக்டர் சொன்ன நாள்வரை மருந்தை நிறுத்தாதீர்கள். டவலை யாருடனும் பகிராதீர்கள். ரூமில் எல்லோரும் ராத்திரியில் சொறிகிறீர்களா? அது சிரங்காக இருக்கலாம். எல்லோரும் ஒரே நாளில் சிகிச்சை எடுத்தால்தான் போகும்.

சொல்ல வெட்கப்படும் இடத்தில் வந்தாலும், டாக்டருக்கு அது தினமும் பார்க்கிற தொற்றுதான். லீவு கிடைக்கிற நாளில் முதல் வேலையாகப் போயிட்டு வந்துடுங்க!