ஜே-1 விசாவில் அமெரிக்கா போறீங்களா? சம்பளத்தில் ஒளிந்திருக்கும் ‘2 ஆண்டு’ கணக்கு!

கோவை வேளாண் பல்கலைக்கழகம், பாரதியார் பல்கலைக்கழகம், பி.எஸ்.ஜி., அமிர்தா என்று கொங்கு மண்டலத்தில் பிஎச்.டி. முடித்துவிட்டு, அமெரிக்க ஆய்வகங்களில் போஸ்ட்டாக் சேர்பவர்களுக்குப் பொதுவாகக் கிடைப்பது ஜே-1 விசா. ஆய்வாளர்களுக்கான பரிமாற்ற விசா இது. இதில் போகிறவர்களுக்கு இரண்டு வரிச் சலுகைகள் உண்டு. இரண்டுக்கும் ‘2 ஆண்டு’தான் கெடு. ஆனால் அந்த 2 ஆண்டை எண்ணும் முறை வேறு வேறு. சிக்கலே அங்கேதான்.

இப்போது ஏன் இந்தப் பேச்சு?

இரண்டு மாற்றங்கள். முதலாவது, 2024 டிசம்பர் 9 அன்று அமெரிக்க வெளியுறவுத்துறை தனது ‘ஸ்கில்ஸ் லிஸ்ட்’டிலிருந்து இந்தியாவை நீக்கியது. அந்தப் பட்டியலால்தான் ஜே-1 முடித்த பல இந்தியர்கள், 2 ஆண்டு சொந்த நாட்டில் இருந்த பிறகே எச்-1பி கேட்க முடியும் என்ற நிலை இருந்தது. அரசு நிதியில் போனவர்களுக்கும், மருத்துவப் பயிற்சிக்குப் போனவர்களுக்கும் மட்டும் அந்த நிபந்தனை இன்னும் தொடர்கிறது.

இரண்டாவது, 2025 செப்டம்பர் 19 அன்று அதிபர் ட்ரம்ப் கையெழுத்திட்ட எச்-1பி உத்தரவு. வெளிநாட்டிலிருந்து புதிதாக ஒருவரை எச்-1பி-யில் எடுக்க 1 லட்சம் டாலர் கட்டணம் என்றது அது. இவ்வளவு பணம் கட்டி ஒரு போஸ்ட்டாக்கை எடுப்பது பல்கலைக்கழகங்களுக்குக் கட்டுப்படியாகாது. ஆக, ஜே-1 பக்கம் சாய்வதற்கும் காரணம் இருக்கு, அங்கேயே தொடர்ந்து தங்குவதற்கும் வழி இருக்கு.

பேரோல் டேக்ஸ் என்றால் என்ன?

அமெரிக்காவில் சம்பளத்திலிருந்து சோஷியல் செக்யூரிட்டிக்கு 6.2 சதவீதமும், மெடிகேருக்கு 1.45 சதவீதமும் பிடிப்பார்கள். மொத்தம் 7.65 சதவீதம். வேலை கொடுப்பவரும் அதே அளவு கட்ட வேண்டும். நம்ம ஊர் பி.எஃப். பிடித்தம் மாதிரி தெரியும். ஆனால் பி.எஃப். உங்கள் பெயரில் சேரும் பணம், இது வரி.

வரி விதிகளின்படி ‘அந்நியராக’ இருக்கும் வரை ஜே-1 ஆய்வாளருக்கு இந்தப் பிடித்தம் கிடையாது. ஆண்டுச் சம்பளம் 60,000 டாலர் என்று வைத்துக்கொண்டால், மிச்சம் 4,590 டாலர். எச்-1பி-யில் முதல் சம்பளத்திலிருந்தே இந்த வரி உண்டு. ஜே-1 ஆய்வாளரின் துணைவர் ஜே-2 விசாவில் வேலைக்குப் போனாலும் உண்டு.

முதல் கணக்கு: காலண்டர் ஆண்டு

பேரோல் டேக்ஸுக்கு எண்ணப்படுவது காலண்டர் ஆண்டு. 2025 டிசம்பர் 28-ல் போய் இறங்கினால், அந்த நான்கு நாட்களே ஒரு முழு ஆண்டாகக் கணக்காகும். 2026-உடன் சலுகை முடிந்து, 2027-ல் தொடர்ந்து தங்குபவருக்கு ஜனவரியிலிருந்தே பிடித்தம் வரும். ஒரு வாரம் தள்ளி 2026 ஜனவரியில் இறங்கியவருக்கோ 2027 டிசம்பர் வரை சலுகை. ஒரு வார வித்தியாசம், ஓராண்டுச் சலுகை!

முந்தைய 6 காலண்டர் ஆண்டுகளையும் பார்ப்பார்கள். அதில் 2 ஆண்டுகள் மாணவராகவோ ஆய்வாளராகவோ இதே விலக்கில் அமெரிக்காவில் இருந்திருந்தால், புதிய ஜே-1-க்கு இந்தச் சலுகை கிடைக்காது.

இரண்டாவது கணக்கு: இறங்கிய தேதி

இது வருமான வரி. 1989-ல் கையெழுத்தான இந்தியா - அமெரிக்கா வரி ஒப்பந்தத்தின் 22-வது பிரிவின்படி, ஆசிரியர்களுக்கும் ஆய்வாளர்களுக்கும் இறங்கிய தேதியிலிருந்து 2 ஆண்டுகளுக்கு வருமான வரி விலக்கு உண்டு. ஆய்வு பொதுநலனுக்காக இருக்க வேண்டும், தனியார் யாருக்காவது ஆதாயம் தேடுவதே முக்கிய நோக்கமாக இருக்கக் கூடாது. கோவைக்கு ஆய்வு செய்ய வரும் அமெரிக்கருக்கும் இதே பிரிவு இங்கே பொருந்தும்.

கவனிக்க வேண்டியது அடுத்த வரி. தங்கும் காலம் 2 ஆண்டைத் தாண்டினால், விலக்கு அன்றோடு நிற்காது. முதல் நாளிலிருந்தே ரத்தாகும் என்கிறது அமெரிக்க வரித்துறையின் ‘பப்ளிகேஷன் 901’. இரு நாட்டு வரி அதிகாரிகளும் பேசி வேறு முடிவு எடுத்தால்தான் விதிவிலக்கு. அதே 60,000 டாலர் சம்பளத்துக்கு, கழிவுகள் இல்லாமல் 2025 வரி விகிதப்படி ஆண்டுக்குச் சுமார் 8,000 டாலர் வரி. இரண்டு ஆண்டுக்கும் சேர்த்து 16,000 டாலர், அதற்கு மேல் வட்டி. ஊருக்கு அனுப்பிச் செலவான பணத்துக்கு இந்த பில் வந்து நிற்கும்.

ஆய்வாளர் பிரிவு ஜே-1-ல் 5 ஆண்டு வரை தங்கலாம். விசா 5 ஆண்டு அனுமதிக்கிறது, வரி ஒப்பந்தம் 2 ஆண்டைத்தான் பொறுத்துக்கொள்கிறது. முன்பு வீடு திரும்பும் நிபந்தனை பலரையும் யோசிக்க வைத்தது. இப்போது அந்தத் தடை விலகியதால், 2 ஆண்டைத் தாண்டுபவர்கள் அதிகமாக வாய்ப்புண்டு.

கட்டிய பணம் திரும்ப வருமா?

இந்தச் சலுகையால் வெளிநாட்டு ஆய்வாளர்களை எடுப்பது மலிவாகிவிடுகிறது என்று அமெரிக்காவில் விமர்சனம் உண்டு. அதில் ஓரளவு உண்மையும் இருக்கிறது, நிறுவனத்துக்கும் 7.65 சதவீதம் மிச்சம்தான். ஆனால் மறுபக்கம் பாருங்கள். சோஷியல் செக்யூரிட்டி ஓய்வூதியத்துக்கு சுமார் 10 ஆண்டு வேலை பார்த்திருக்க வேண்டும். 4, 5 ஆண்டில் கோவைக்குத் திரும்புபவர் மூன்றாம் ஆண்டிலிருந்து கட்டியது, கட்டியதுதான்.

ஜெர்மனி, பிரான்ஸ், பெல்ஜியம் போன்ற நாடுகளுடன் இந்தியா சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் போட்டிருக்கிறது. அமெரிக்காவுடன் அப்படி ஒன்று இல்லை. அது வரும் வரை ஜே-1 விலக்கு என்பது பாதி நியாயம்தான்.

போகிறவர்கள் என்ன செய்யலாம்?

* டிசம்பர் கடைசியில் சேரச் சொன்னால், ஜனவரிக்குத் தள்ள முடியுமா என்று கேளுங்கள்.
* ஒப்பந்த விலக்கு கேட்கும் ‘ஃபார்ம் 8233’-ல் கையெழுத்திடும் முன், 2 ஆண்டுக்கு மேல் தங்குவோமா என்று யோசியுங்கள். சந்தேகம் என்றால் விலக்கு கேட்காமலே இருக்கலாம், அல்லது அந்த வரிப் பணத்தைத் தனியாக எடுத்து வைக்கலாம்.
* ஒவ்வோர் ஆண்டும் ‘ஃபார்ம் 8843’ தாக்கல் செய்யுங்கள்.
* பேரோல் டேக்ஸைத் தவறாகப் பிடித்திருந்தால் முதலில் பல்கலைக்கழகத்திடம் கேளுங்கள். அவர்கள் தராவிட்டால் ‘ஃபார்ம் 843’, ‘8316’ மூலம் வரித்துறையிடம் கேட்கலாம். அதற்குப் பொதுவாக 3 ஆண்டு கெடு.

ஆஃபர் லெட்டரில் சம்பளத்தைப் பார்க்கும்போதே சேரும் தேதியையும் பாருங்க. கைக்கு எவ்வளவு வரும் என்பதை அந்தத் தேதியும் சேர்ந்துதான் முடிவு பண்ணுது.