பட்டமும் பட்டறையும்

பட்டதாரிகள் வேலைக்குத் தகுதியற்றவர்களாய் வருகிறார்கள் என்று தொழில் முதலாளிகள் முறையிடுவது நம் தேசத்தில் புதிதன்று. 2005-ம் வருஷத்தில் கம்ப்யூட்டர் கம்பெனிகளின் சங்கமாகிய நாஸ்காம், மக்கின்ஸி என்னும் ஆலோசனை ஸ்தாபனத்துடன் சேர்ந்து வெளியிட்ட அறிக்கை, இந்திய இஞ்சினீயர் பட்டதாரிகளில் நாலில் ஒருவரே பன்னாட்டுக் கம்பெனிகளில் அமர்த்தத் தக்கவர் என்று கூறிற்று. 2024-ம் வருஷம் ஜூலை மாதம் இந்திய சர்க்கார் பார்லிமெண்டில் சமர்ப்பித்த பொருளாதார ஆய்வறிக்கை, வேலைக்குத் தகுதியுள்ள இளைஞர் நூற்றுக்கு 51.25 பேரே என்ற கணக்கை எடுத்துக் காட்டிற்று. இத்தகைய கணக்குகளைக் கண்டு பெற்றோர் பெருமூச்செறிகிறார்கள், ஆசிரியர்கள் தலைகுனிகிறார்கள், மந்திரிகள் புதுத் திட்டம் ஒன்றை அறிவிக்கிறார்கள். முறையிட்ட முதலாளியை மட்டும் ஒருவரும் கேள்வி கேட்பதில்லை. அக்கேள்வியை நாம் கேட்க விரும்புகிறோம். ஓர் ஆளை ஒரு வேலைக்குத் தயார் செய்வது யாருடைய பொறுப்பு?

இதற்கு விடை தேடிச் சீமைக்குப் போக வேண்டியதில்லை. கும்பகோணத்துக்கு மேற்கே சுமார் 5 மைல் தூரத்தில், காவேரிக் கரையிலுள்ள சுவாமிமலைக்குப் போனால் போதும். அங்குள்ள பட்டறைகளில் வார்க்கப்படும் விக்கிரகங்களை உலகம் அறியும். 2023-ம் வருஷத்தில் டில்லியில் நடந்த ஜி-20 மகாநாட்டு மண்டபத்தின் முன் நிறுத்தப்பெற்ற 27 அடி உயர நடராஜ விக்கிரகம் அவ்வூர் ஸ்தபதிகளின் கைவேலையே. அதன் நிறை 18 டன். அதைச் செய்தவர்களுக்கு அந்தத் திறமை எப்படி வந்தது என்பதை நம் முதலாளிகள் சற்றே கவனிக்க வேண்டும்.

வேலையின் முறை இது. தேன்மெழுகையும் குங்கிலியத்தையும் எண்ணெய் விட்டுக் காய்ச்சி, அந்த மெழுகினால் முதலில் உருவத்தைச் செய்கிறார்கள். விக்கிரகம் எத்தனை உயரமோ அத்தனை நீளமுள்ள ஓலையைச் சாஸ்திரம் சொல்லும் பங்குகளாக மடித்து, முகம் இவ்வளவு, மார்பு இவ்வளவு, முழங்கால் இவ்வளவு என்று அளவு எடுக்கிறார்கள். பிறகு மெழுகின்மேல் காவேரியின் மெல்லிய வண்டல் மண்ணைப் பூசி உலர்த்துகிறார்கள்; அதன்மேல் வயற்களிமண்ணும் மணலும் கலந்து கனமாய்ப் பூசுகிறார்கள். அச்சைக் காய்ச்சினால் மெழுகு உருகி ஓடிவிடும். அந்த வெற்றிடத்தில் உருக்கிய உலோகத்தை வார்க்கிறார்கள். எவ்வளவு உலோகம் வேண்டும் என்பதை மெழுகின் நிறையைக் கொண்டே கணக்கிடுவார்கள். அச்சை உடைத்துத்தான் விக்கிரகத்தை எடுக்க வேண்டும். ஆகையால் ஓர் அச்சில் ஒரு விக்கிரகமே வார்க்க முடியும். மண்ணில் ஈரம் தங்கினாலும், உலோகம் வார்க்கையில் கை தயங்கினாலும், பல நாள் உழைப்பு வீண். அதன்பின் உளி பிடித்துச் செதுக்கும் வேலை வேறு இருக்கிறது.

இவ்வேலையைக் கற்கப் பட்டறைக்கு வரும் பையன் ஒன்றும் தெரியாதவனாகவே வருகிறான். மண்ணைச் சலிப்பதும் மெழுகைப் பதப்படுத்துவதும்தான் அவனுக்கு ஆரம்பப் பாடம். விரல், பாதம், ஆபரணம் என்று சிறுகச் சிறுகக் கை பழகிய பின்னரே முகத்தைத் தொட அவனுக்கு அநுமதி கிடைக்கும். இதற்கு வருஷங்கள் பிடிக்கும். அவன் கெடுக்கிற மெழுகும் அவனுக்காகச் செலவாகிற நேரமும் ஸ்தபதியின் நஷ்டக் கணக்கில் சேருகின்றன. ஆயினும், “தயாரான ஆள் எனக்கு வரவில்லை” என்று எந்த ஸ்தபதியும் அறிக்கை அச்சிடுவதில்லை. ஆளைத் தயார் செய்வதும் தம் தொழிலிலே அடங்கியது என்று அவர் கொண்டிருக்கிறார்.

இப்படிச் சொல்வதால், குலத்தொழிலுக்குத் திரும்புங்கள் என்று நாம் உபதேசிப்பதாக யாரும் எண்ண வேண்டாம். அந்தப் பழைய முறையில் தந்தைக்குப் பின் மகன் என்பதே விதி. வேறு தெருப் பையனுக்குப் பட்டறைக் கதவு எளிதில் திறந்ததில்லை. பெண்களின் பேச்சே எழுந்ததில்லை. 1953-ம் வருஷத்தில் ஸ்ரீ ராஜகோபாலாச்சாரியார் பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழகலாம் என்று திட்டமிட்டபோது, தமிழ்நாடு அதைக் குலக்கல்வி என்று சொல்லி எதிர்த்தது. 1954-ல் ஸ்ரீ காமராஜர் அதிகாரத்துக்கு வந்ததும் அத்திட்டம் கைவிடப்பட்டது. அந்தத் தீர்ப்பை மாற்ற அவசியமில்லை. 2023-ம் வருஷத்து விசுவகர்மா திட்டத்தைச் சென்னை சர்க்கார் ஏற்க மறுத்ததற்கும் இந்த அச்சமே காரணம். அதற்கு மாற்றாக ஜாதி, குல நிபந்தனை இல்லாமல் அவர்கள் கொண்டுவந்த கைவினைத் திட்டத்தில் குறைந்தபட்ச வயது 35 என்று வைத்ததும், பிள்ளைகள் படிப்பை விட்டுவிடக் கூடாது என்ற நல்ல எண்ணத்தினால்தான். ஆனால் பட்டம் பெற்ற பிறகு தன் சொந்த விருப்பத்தால் பட்டறைக்கு வர நினைக்கும் 22 வயது இளைஞனுக்கு அதில் இடமில்லாமற் போயிற்று. இக்குறையை சர்க்கார் கவனிப்பது நலம். மாமல்லபுரத்தில் 1957-ம் வருஷம் ஏற்பட்ட சிற்பப் பயிற்சி நிலயம் இன்று கலாசாலையாக வளர்ந்து, எக்குலத்தவர்க்கும் உளியையும் நூலையும் சேர்த்தே கற்பித்துப் பட்டம் வழங்கி வருகிறது. பிறப்பையும் தொழிலையும் பிரிக்கலாம். கையையும் புத்தியையும் பிரிக்க வேண்டியதில்லை என்பதற்கு அதுவே அத்தாட்சி.

முதலாளிகளின் முறையீட்டில் உண்மையே இல்லை என்று நாம் சொல்லவில்லை. 1835-ல் மெக்காலே பிரபு விதைத்த விதை இன்னும் நம் பரீட்சை மண்டபங்களில் விளைந்துகொண்டிருக்கிறது. இரும்பை ஒரு தரமேனும் அராவிப் பாராமலே இயந்திர இஞ்சினீயராகிவிட இங்கே வழியிருக்கிறது. சுவாமிமலைப் பட்டறைக்குக்கூடப் படித்தவர்களின் உதவி தேவைப்படாமலில்லை. விக்கிரகம் புராதனப் பொருளன்று என்று தொல்பொருள் இலாகாவின் அத்தாட்சி பெற வேண்டும். அந்நிய நாட்டு வியாபாரிகளுக்குக் கடிதம் எழுத வேண்டும். உலோகக் கலவையைச் சோதிக்க வேண்டும். பக்கத்து ஊர்க் கலாசாலைகளில் படித்தவனுக்கு இவற்றில் எது தெரியும் என்று கேட்டால், நமக்கே பதில் சொல்லக் கூச்சமாயிருக்கிறது.

ஆனால் மற்றப் பாதி குற்றம் முறையிடுகிறவர்களுடையது. ஜெர்மனியில் தொழில் பழகும் இளைஞன் வாரத்தில் ஓரிரு நாள் பள்ளிக்கூடத்திலும் மற்ற நாட்களில் தொழிற்சாலையிலும் கற்கிறான். இரண்டு முதல் மூன்றரை வருஷம் அவனுக்குச் சம்பளம் கொடுப்பவர் முதலாளியே. நம் தேசத்திலும் இன்போஸிஸ் கம்பெனி மைசூரில் பெரிய பயிற்சிக் கூடம் வைத்து, புதிதாய் எடுத்தவர்களை மாதக்கணக்கில் பயிற்றுகிறது. மற்றவர்கள் என்ன செய்கிறார்கள்? தொழில் பழகுவோர் சட்டம் 1961-லேயே ஏற்பட்டது. 2019-ல் திருத்திய விதிகளின்படி 30 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் ஸ்தாபனங்கள் தொழில் பழகுவோரைக் கட்டாயமாய்ச் சேர்க்க வேண்டும். சேர்த்த பையனைச் சரக்கு ஏற்றவும் காகிதம் அடுக்கவும் விட்டு, சட்டத்தை நிறைவேற்றியதாகக் கணக்குக் காட்டுவோரும் உண்டு. அநுபவமுள்ளவர்களே வேண்டும் என்று எல்லோரும் விளம்பரம் செய்தால், முதல் அநுபவத்தை யார் கொடுப்பது?

இது வெறும் வாதமன்று. சர்வதேசத் தொழில் ஸ்தாபனம் 2024-ல் வெளியிட்ட இந்திய வேலைவாய்ப்பு அறிக்கையின்படி, 2022-ல் பட்டம் பெற்ற இளைஞரில் நூற்றுக்கு 29.1 பேர் வேலையின்றி இருந்தனர். எழுதப் படிக்கத் தெரியாத இளைஞரில் அத்தொகை 3.4 தான். (எழுத்தறியாதவன் சும்மா இருக்க வசதியற்றவன் என்பதையும் மறக்கலாகாது.) நம் டெல்டாப் பிரதேசத்தில் இதன் பொருள் வெளிப்படை. இரண்டு மா நிலத்தை விற்றுப் பிள்ளையை இஞ்சினீயராக்கிய குடியானவன், நிலத்தையும் இழந்து, பிள்ளையின் சம்பளத்தையும் காணாமல் நிற்கிறான். பிள்ளையோ நாற்றங்காலுக்கும் ஆகாதவன், தொழிற்சாலைக்கும் ஆகாதவன் என்ற பழியைச் சுமக்கிறான்.

சென்னை சர்க்கார் 2022-ம் வருஷம் மார்ச் மாதம் தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டத்தில் கம்பெனிகளைப் பாடம் நடத்த அழைத்திருக்கிறார்கள். அழைப்பு நல்லது. அது சில மணி நேரப் பாடத்தோடும் ஒரு சர்டிபிகேட்டோடும் நின்றுவிடாமல், மாணவன் ஆறு மாதமாவது ஒரு பட்டறையிலோ ஆலையிலோ கூலியுடன் உட்கார்ந்து பழகும்படி விரிவடைய வேண்டும். சிறிய பட்டறைகள் இச்செலவைத் தாங்கா. அவற்றுக்கு சர்க்கார் ஈடு கொடுக்கட்டும். பெரிய முதலாளிகளின் சங்கங்களுக்கு நமது வேண்டுகோள் ஒன்றுதான். அடுத்த முறை பட்டதாரிகளின் தகுதியைப் பற்றி அறிக்கை வெளியிடும்போது, சென்ற வருஷத்தில் புதியவர்களுக்குத் தொழில் பழக்கத் தங்கள் அங்கத்தினர் ஒவ்வொருவரும் செலவிட்ட தொகை எவ்வளவு என்பதையும் அதே பக்கத்தில் அச்சிடட்டும்.