இன்ஜினியரிங்கா, கணித இயற்பியலா? கிளிக் செய்வதற்கு முன்...

பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் வீட்டுக்குப் புதிதாக வந்த கம்ப்யூட்டருக்கு ஒரு பெரிய வேலை காத்திருக்கும். அதுதான் இன்ஜினியரிங் கவுன்சிலிங். 2018ஆம் ஆண்டு முதல் இது ஆன்லைனில் நடப்பதால், முன்பு போல மூட்டை கட்டிக்கொண்டு சென்னைக்குப் போக வேண்டியதில்லை. எங்கள் கடப்பாக்கத்தில் வீட்டிலிருந்தபடியே கல்லூரிகளை வரிசைப்படுத்திக் கிளிக் செய்துவிடலாம். வசதிதான். ஆனால் அந்தத் திரையில் தெரிவதெல்லாம் இன்ஜினியரிங் மட்டுமே. வேறு வழியும் உண்டு என்று அது உங்களுக்குச் சொல்லாது.

நான் பி.இ. படித்துவிட்டு சாப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்ப்பவன். அந்தப் படிப்புதான் எனக்குச் சோறு போடுகிறது. அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனாலும் ஊருக்குப் போகும்போது, "பையன் கணக்கு, பிசிக்ஸ் இரண்டிலும் நல்ல மார்க். எந்தக் காலேஜ் போடலாம் தம்பி?" என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது இதுதான்: "அவனுக்குப் பிடித்தது பிசிக்ஸா, பிசிக்ஸில் வரும் மார்க்கா?"

ஏன் கேட்கிறேன் தெரியுமா? இன்ஜினியரிங் கட்-ஆப் மொத்தம் 200. இதில் கணக்குக்கு 100, பிசிக்ஸுக்கு 50. அதாவது இந்த இரண்டு பாடங்களை ஆசையாகப் படிக்கிற பிள்ளைகள்தான் ரேங்க் பட்டியலில் தானாகவே மேலே வருகிறார்கள். மேலே வந்த காரணத்தாலேயே, யாரும் யோசிக்காமல், இன்ஜினியரிங்கில் சேர்க்கப்படுகிறார்கள்.

கணித இயற்பியல் என்றால் என்ன? இயற்கை நடந்துகொள்ளும் விதத்தைக் கணக்காக எழுதி, அந்தக் கணக்கு எங்கே கொண்டுபோய் விடுகிறது என்று பார்ப்பது. "இதை வைத்து என்ன செய்வது?" என்று கேட்காதீர்கள். உங்கள் பென் டிரைவைப் பாருங்கள். அதில் ஒரு பைலை சேவ் செய்யும்போது, எலெக்ட்ரான்கள் மெல்லிய மின்கடத்தாச் சுவர் ஒன்றைத் தாண்டி உள்ளே போகின்றன. பழைய இயற்பியல்படி அந்தச் சுவரைத் தாண்டவே முடியாது. குவாண்டம் கணக்குப்படி, சுவரைத் துளைத்துக்கொண்டு போனதுபோல் சில எலெக்ட்ரான்கள் மறுபக்கம் போய்விடும். உலோகத்திலிருந்து எலெக்ட்ரான்கள் இப்படி வெளியேறுவதற்கான கணக்கை 1928-ல் எழுதியவர்கள் ரால்ப் பவுலர், லோதர் நார்தைம் என்ற இருவர். பென் டிரைவ் விற்பதற்காக அல்ல!

இந்தப் பவுலரிடம் கேம்பிரிட்ஜில் படித்த இரண்டு மாணவர்களைக் கவனியுங்கள். ஒருவர் பால் டிராக். இவர் 1921-ல் பிரிஸ்டலில் எலெக்ட்ரிகல் இன்ஜினியரிங் முடித்தவர். வேலை கிடைக்காமல், அங்கேயே கணக்குப் படித்து, பிறகு பவுலரிடம் போய்ச் சேர்ந்தார். 1933-ல் நோபல் பரிசு. இன்ஜினியரிங் படிப்பு தனக்கு உதவியதாகப் பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். மற்றவர் நம் சென்னை பிரசிடென்சி கல்லூரியில் இயற்பியல் படித்து 1930-ல் கப்பலேறிய சுப்பிரமணியன் சந்திரசேகர். 1983-ல் நோபல். ஆக, இரண்டு கதவு வழியாகவும் உள்ளே போகலாம்.

பாதியில் மாறியவரும் உண்டு. திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் படித்த ஜி.என். ராமச்சந்திரன், 1942-ல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் சேர்ந்தது எலெக்ட்ரிகல் இன்ஜினியரிங்கில். அங்கே சர் சி.வி. ராமன் அவரைத் தன் இயற்பியல் துறைக்கு இழுத்துக்கொண்டார். பிறகு சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்தபடி அவர் 1963-ல் வெளியிட்ட 'ராமச்சந்திரன் பிளாட்'டை, புரத அமைப்பைச் சரிபார்க்கும் சாப்ட்வேர்கள் இன்றும் பயன்படுத்துகின்றன.

சரி, இதற்கெல்லாம் கேம்பிரிட்ஜ் போக வேண்டுமா? வேண்டாம். சிறுசேரி சிப்காட் என்றாலே நமக்கு டி.சி.எஸ். வளாகம்தான் நினைவுக்கு வரும். அதே சிப்காட் பூங்காவுக்குள்தான் சென்னை கணிதவியல் நிறுவனம் (சி.எம்.ஐ.) இருக்கிறது. 1989-ல் தொடங்கி, 2006-ல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமானது. கணிதமும் இயற்பியலும் சேர்ந்த பி.எஸ்சி. ஆனர்ஸ் அங்கே உண்டு. கட்-ஆப் மார்க்கை வைத்து சீட் தருவதில்லை, தனியாக நுழைவுத்தேர்வு. மனப்பாடம் அங்கே செல்லாது. தரமணியில் 1962-ல் அல்லாடி ராமகிருஷ்ணன் தொடங்கிய கணித அறிவியல் நிறுவனம் இருக்கிறது. அது ஆராய்ச்சிப் படிப்புக்கு. கடப்பாக்கத்திலிருந்து ஈ.சி.ஆர். பஸ்ஸில் வடக்கே போனால் வரும் கல்பாக்கத்தையும் மறக்காதீர்கள். அணுசக்தித் துறையின் பயிற்சிப் பள்ளி, பி.இ. படித்தவரையும் எம்.எஸ்சி. இயற்பியல் படித்தவரையும் சேர்த்தே எடுக்கிறது.

பெற்றோரின் பயம் எனக்குப் புரிகிறது. பி.எஸ்சி., எம்.எஸ்சி., பிஎச்.டி. என்று பத்து வருடம் போய்விடும். (பெண் பிள்ளை என்றால் கல்யாணப் பேச்சு வேறு நடுவில் வரும்.) ஆனால் அந்தப் பத்து வருடமும் வீட்டுப் பணம் இல்லை. நெட் தேர்வில் ஜே.ஆர்.எப். கிடைத்தால் 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை. நடுவில் மனம் மாறினால் எம்.சி.ஏ. சேரலாம், சாப்ட்வேருக்கு வரலாம். எதிர்த்திசைதான் கடினம். பி.இ. முடித்தவர் கேட் தேர்வில் இயற்பியல் தாள் எழுதத் தடையில்லை. ஆனால் கல்விக் கடனுக்கு மாதத் தவணை கட்டத் தொடங்கிய பிறகு எத்தனை பேர் எழுதுகிறார்கள்? அதனால் இரண்டும் பிடிக்கும் என்கிற பிள்ளையை முதலில் கணித இயற்பியலில் விடுங்கள் என்பேன். மிக்சியைப் பிரித்து மாட்டுவதில் சந்தோஷப்படும் பிள்ளையை அங்கே அனுப்பாதீர்கள். நான்கு வருடத்தில் சம்பளம் வந்தே ஆக வேண்டிய வீடு என்றால், தயங்காமல் இன்ஜினியரிங் போடுங்கள்.

கம்ப்யூட்டரும் இன்டர்நெட்டும் இருப்பதால் வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். என்.பி.டெல். பாடங்கள் யூ-டியூபில் இலவசம். சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர் வி. பாலகிருஷ்ணனின் இயற்பியல் வகுப்பு ஒன்றைப் போட்டுவிடுங்கள். ஆங்கிலத்தில்தான் இருக்கும், பாதிக்கு மேல் புரியாது, பரவாயில்லை. பிள்ளை நிறுத்தி, பின்னால் ஓட்டி, பேப்பரில் எழுதிப் பார்க்கிறதா, மூடிவிட்டு கேமுக்குப் போகிறதா என்று மட்டும் கவனியுங்கள். இதை பிளஸ் டூ படிக்கும்போதே செய்துவிடுங்கள். சி.எம்.ஐ. விண்ணப்பம் வழக்கமாக ரிசல்ட்டுக்கு முன்பே முடிந்துவிடும். கவுன்சிலிங் சமயத்தில் அந்த வெப்சைட்டைத் திறந்தால் அடுத்த வருடம்தான்.