முதலில் கியர்பாக்ஸைக் கேளுங்கள்

இலகுரக ஸ்போர்ட்ஸ் காரைச் சொந்தமாகக் கட்டத் துணிந்தவர்கள் பேச்சைத் தொடங்குவது பெரும்பாலும் குதிரைத்திறனில்தான். 150 போதுமா, 180 தாங்குமா, அந்த என்ஜினில் 200 எடுக்கலாமாமே என்று. சேசிஸுக்கு இன்னும் ஒரு குழாய்கூட வெட்டியிருக்க மாட்டார்கள். முதலில் முடிவாக வேண்டியது கியர்பாக்ஸும் பின் ஆக்ஸிலும் என்பது எங்கள் கட்சி. அவற்றோடு எது இயல்பாகச் சேர்கிறதோ, அந்த என்ஜின் போதும்.

இந்தக் கைவேலையின் தாயகமான பிரிட்டனில் நடந்ததைப் பாருங்கள். 1957இல் காலின் சாப்மன் லோட்டஸ் செவனைக் கொண்டுவந்தபோது வாங்குபவரே பூட்டிக்கொள்ளும் உதிரித் தொகுதியாகவும் விற்றார். முழுக் காருக்கு இருந்த கொள்முதல் வரி உதிரிகளுக்கு இல்லை. அதில் போட்டது ஃபோர்டின் 1172 சிசி சைடு வால்வு என்ஜின். 40 குதிரைத்திறன், அந்தக் காலத்துக்கே பழைய சரக்கு. ஆனால் மலிவாகக் கிடைத்தது, பொருந்தும் கியர்பாக்ஸும் அதே கம்பெனியில் இருந்தது. 1996இல் ரான் சாம்பியன் என்ற பள்ளி ஆசிரியர், 250 பவுண்டில் ஸ்போர்ட்ஸ் கார் கட்டுவது எப்படி என்று எழுதிய புத்தகம் ‘லோகாஸ்ட்’ என்ற ஒரு வகையையே உண்டாக்கியது. அதிலும் சூட்சுமம் என்ஜினில் இல்லை. ஒரு பழைய ஃபோர்டு எஸ்கார்ட்டைக் காயலாங்கடையிலிருந்து முழுதாக வாங்கினால் என்ஜின், கியர்பாக்ஸ், ஆக்ஸில் எல்லாம் ஏற்கெனவே ஒன்றோடொன்று பழகிய நிலையில் கைக்கு வந்துவிடும்.

அந்த வசதி நிலைக்கவில்லை. எஸ்கார்ட் 1980இலேயே முன்சக்கர இழுவைக்கு மாறிவிட்டது. பின்சக்கர இழுவையோடு இருந்த சியரா 1993இல் நின்றது. அதன் இடத்துக்கு வந்த மாண்டியோவும் முன்சக்கர இழுவைதான். முன்சக்கர இழுவைக் கார்களோடு வந்த ஸீடெக், டியூராடெக் என்ஜின்கள் ஃபோர்டின் பழைய பின்டோ என்ஜினைவிட எல்லா வகையிலும் மேல். டியூராடெக் முழுக்க அலுமினியம். ஆனால் அவற்றோடு வந்த கியர்பாக்ஸ் செவன் மாதிரியான உடம்புக்கு உதவாது. ஆகவே புது என்ஜினையும் சியராவின் டைப் 9 கியர்பாக்ஸையும் தனித்தனியே தேடி, நடுவில் தனியாக வார்த்த பெல் ஹவுசிங் போட்டு இணைத்தார்கள். அந்த கியர்பாக்ஸின் முதல் கியர் 3.65. டன் எடையுள்ள குடும்பக் காரைக் கிளப்ப வைத்த விகிதம் அது. 550 கிலோ காரில் கிளட்சை விட்ட மறுகணமே இரண்டாவதுக்குப் போக வேண்டும். பிறகு நீண்ட முதல் கியருக்கு இன்னொரு செலவு. மலிவு என்று தொடங்கியவர்கள் கணக்கு நோட்டைப் பார்க்காமல் இருப்பதே மேல்.

மாஸ்டா எம்எக்ஸ்-5 இன்று பலருடைய தேர்வாக இருப்பதற்குக் காரணமும் இதுதான். அந்த 1.6 லிட்டர் என்ஜின் ஒன்றும் அதிசயமில்லை. நெடுக்காக அமர்ந்த என்ஜின், கையில் கச்சிதமாக விழும் ஐந்து கியர், டிஃபரென்ஷியல் என ஒரே காரிலிருந்து செட்டாகக் கிடைக்கிறது. ஒரே ஒரு கண்ணி உண்டு. அந்தக் காரில் கியர்பாக்ஸின் வால் பகுதியையும் டிஃபரென்ஷியலின் மூக்கையும் ஒரு நீண்ட அலுமினியச் சட்டம் சேர்த்துப் பிடித்திருக்கும். நம் சேசிஸில் அந்தச் சட்டத்தை நீக்கினால் இரண்டுக்கும் புதிதாக மவுண்டிங் அமைக்க வேண்டும். டிஃபரென்ஷியலின் மூக்கு முறுக்கில் மேலே தூக்கும், அங்கே மெல்லிய தகடு நிற்காது.

குறுக்காகப் பிறந்த என்ஜினை நெடுக்காகத் திருப்புகிறவர் எதிர்பாராத இடத்தில்தான் மாட்டிக்கொள்வார். பக்கவாட்டில் தாராளமாக இருந்த தண்ணீர் வெளிவாய் இப்போது ஃபயர்வாலை முட்டும். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் வரும் பக்கமும் ஸ்டியரிங் கம்பி இறங்கும் பக்கமும் ஒன்றாகிவிட்டால் இரண்டில் ஒன்றை மாற்றி வரைய வேண்டியதுதான். சம்ப் சேசிஸின் அடிக்குழாயைவிடக் கீழே தொங்கும், முதல் வேகத்தடையே அதைச் சோதித்துவிடும். சம்ப்பைக் குட்டையாக்கினால் எண்ணெய்க் கொள்ளளவு குறையும், என்ஜினை மேலே தூக்கினால் பானெட் மூடாது. காலி பிளாக்கும் காலி கியர்பாக்ஸ் கூடும் வாங்கி, சேசிஸுக்குள் மரக்கட்டை வைத்து நிறுத்திப் பார்த்துவிட்டுத்தான் மவுண்டிங்கை வெல்டிங் செய்ய வேண்டும். கணினியில் வரைந்துவிட்டேன் என்பவர்களும் ஒருமுறை கட்டையை வைத்துப் பார்க்கலாம். ஸ்டார்ட்டர் மோட்டாரின் போல்ட்டைக் கழற்ற ஸ்பானர் நுழையுமா என்பது திரையில் தெரியாது.

பெல் ஹவுசிங்கைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மாற்றுக் கியர்பாக்ஸ் போட்ட கார்களில் இன்புட் ஷாஃப்ட் பேரிங் சீக்கிரம் போவதற்கும், கிளட்ச் சரியாக விடாமல் கியர் உறுமுவதற்கும் பெல் ஹவுசிங்கின் மையம் விலகியிருப்பது ஒரு முக்கியக் காரணம். கிராங்க் மையமும் ஹவுசிங் துளையின் மையமும் ஒரே கோட்டில் இருக்கின்றனவா என்பதை ஃப்ளைவீலில் டயல் கேஜ் பொருத்திச் சுற்றித்தான் பார்க்க முடியும், கண்ணால் அல்ல. ஹவுசிங்கை நிலைநிறுத்துவது டவல் பின்கள், போல்ட்டுகள் இறுக்க மட்டுமே. கிராங்கின் முனையில் ஸ்பிகாட் பேரிங்குக்கு இடம் இருக்கிறதா என்பதையும் வாங்கும்போதே பாருங்கள். முன்சக்கர இழுவைக்கென வந்த கிராங்குகளில் அந்தத் துளை பெரும்பாலும் இருக்காது, அல்லது அளவு வேறாக இருக்கும். புரொப்பெல்லர் ஷாஃப்டின் இரு முனைக் கோணங்களும் சமமாக இருக்க வேண்டும், என்ஜின் அச்சும் பினியன் அச்சும் இணையாக இருக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்த பாடம். செவன் வகைக் காரில் அந்த ஷாஃப்ட் மிகக் குட்டை. உயரத்தில் சிறு வேறுபாடும் அதில் பெரிய கோணமாகும் என்பதைத்தான் மறந்துவிடுகிறார்கள்.

பைக் என்ஜின் இந்தச் சிக்கலை எல்லாம் தாண்டிவிடும் என்று நம்புகிறவர்கள் உண்டு. பாதி உண்மை. ஹோண்டா ஃபயர்பிளேடு, யமஹா ஆர்1, சுசூகி ஹயபுசா எதிலும் கியர்பாக்ஸ் என்ஜினுக்குள்ளேயே இருக்கிறது. எடை குறைவு, ஆறு கியர், பட்பட்டென்று மாறும். பின்னால் போக மட்டும் கியர் இல்லை. கிளட்ச் 200 கிலோ வண்டிக்கும் ஓட்டுபவருக்கும் கணக்கிட்டது, இரண்டு மடங்கு எடையை மேட்டில் கிளப்பினால் நெடுநாள் தாங்காது.

ஆனால் என்ஜினைக் கொல்வது எண்ணெய். பைக் வளைவில் சாய்கிறது. அதனால் எண்ணெய் சம்ப்பின் அடியிலேயே நிற்கும். கார் சாயாது. நல்ல சாலை டயர்களிலேயே இந்தக் கார்கள் 1 ஜி பக்கவாட்டு விசையை நெருங்கும். அப்போது எண்ணெயின் மேற்பரப்பு 45 பாகை சரிந்து நிற்கும். உறிஞ்சுகுழல் காற்றைக் குடிக்கும், பிக்-எண்ட் பேரிங் போகும். இன்னொன்றும் உண்டு. ஷாஃப்ட் இணைக்க வசதியாக என்ஜினை 90 பாகை திருப்பி வைக்கிறோம். பைக்கின் பக்கவாட்டுத் திசை காரின் முன்பின் திசையாகிவிடுகிறது. எனவே பிரேக்கை அழுத்தும்போது எண்ணெய் ஓடுவது அந்த சம்ப்பை வடிவமைத்தவர் கணக்கிலேயே எடுக்காத திசையில். தடுப்புத் தகடுகள் வைத்த சம்ப் குறைந்தபட்சத் தேவை, ஓடுதளத்துக்குப் போகிறவர் டிரை சம்ப்பைப் பற்றி யோசிக்கட்டும். ‘எண்ணெய் கொஞ்சம் கூடுதலாக ஊற்றினேன்’ என்பது வைத்தியம் அல்ல.

எடைக்கு வருவோம். 500 கிலோ கார், முன்னும் பின்னும் பாதிப் பாதி என்று வையுங்கள். 40 கிலோ கூடுதல் எடையுள்ள என்ஜினை முன் ஆக்ஸிலுக்கு நேர் மேலே வைத்தால் முன்பக்கப் பங்கு 54 சதவீதத்தை ஒட்டிப் போய்விடும். ஸ்டியரிங்கில் அது உடனே தெரியும். செவன் வகைக் கார்களைத் தயாரிக்கும் கேட்டர்ஹாம் 2013இல் அறிமுகப்படுத்திய 160 மாடல் இதற்கு எதிர்த்திசையில் போனது. சுசூகியின் 660 சிசி மூன்று சிலிண்டர் டர்போ, 80 குதிரைத்திறன், 490 கிலோ. கியர்பாக்ஸும் பின் ஆக்ஸிலும் சுசூகியே. ஓட்டுபவருக்கு 80 கிலோ சேர்த்தாலும் டன்னுக்கு 140 குதிரைத்திறன் வருகிறது. செட்டாக எடுப்பது ஏழையின் வழி என்று நினைப்பவர்கள் அந்தக் காரின் அடியில் ஒருமுறை படுத்துப் பார்க்கலாம்.

சட்டமும் என்ஜினைத் தேர்ந்தெடுக்கிறது. பிரிட்டனில் தனி வாகன ஒப்புதல் சோதனையில் புகை அளவு என்ஜின் தயாரான தேதியைப் பொறுத்தது. 1992 ஆகஸ்டுக்கு முந்தைய என்ஜினுக்கு 3.5 சதவீதம் வரை கார்பன் மோனாக்சைடு அனுமதி உண்டு, கார்ப்யூரேட்டரோடு தேறிவிடலாம். அதற்குப் பிந்தியதென்றால் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரும் ஒழுங்கான எரிபொருள் கட்டுப்பாடும் வேண்டும். தயாரிப்பு ஆண்டுக்குச் சான்று இல்லாத என்ஜின் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள்.

இந்தியாவில் நிலைமை இன்னும் இறுக்கம். மத்திய மோட்டார் வாகன விதி 126இன்படி ஒப்புதல் பெற்ற மாதிரிக்குத்தான் பதிவு. தனி ஒருவர் கட்டிய ஒற்றைக் காருக்கு அது நடைமுறையில் எட்டாக்கனி. ஆகவே இங்கே கட்டுவது ஓடுதளத்துக்கும் தனியார் நிலத்துக்கும்தான். அந்த எல்லைக்குள் கோவையின் கரிவர்தன் 1980களின் இறுதியில் காட்டிய வழி இன்றும் பொருத்தமானது. ஃபார்முலா மாருதி என்ற பந்தயக் காரில் அவர் மாருதி 800இன் 796 சிசி என்ஜினை ஓட்டுநருக்குப் பின்னால் வைத்தார். முன்சக்கர இழுவைக் காரின் என்ஜினும் கியர்பாக்ஸும் ஒரே கட்டியாக இருப்பதால், அந்தக் கட்டி அப்படியே பின்சக்கரங்களை ஓட்டலாம். பெல் ஹவுசிங் தலைவலி இல்லை. கியர் கம்பியைப் பின்னால் கொண்டுபோவதுதான் வேலை. அவர் பெயரைத் தாங்கிய செட்டிப்பாளையம் ஓடுதளத்துக்கு மாணவர் அணியோடு போகும் பொறியாளர்கள் இதைப் பழங்கதை என்று ஒதுக்க வேண்டாம்.

என்ஜின் முன்னால்தான் இருக்க வேண்டும் என்பவர்களுக்கு நாங்கள் சொல்லும் பெயர் சிரிப்பை வரவழைக்கலாம்: மாருதி ஈக்கோ. நெடுக்காக அமர்ந்த 1.2 லிட்டர் என்ஜின், ஐந்து கியர், பின்சக்கர இழுவை, ஒற்றை இறுகிய ஆக்ஸில், சுமார் 80 குதிரைத்திறன், மூலைக்கு மூலை கிடைக்கும் உதிரிகள். அழகில்லை என்பது உண்மைதான். என்ஜின் தெரியப்போவது பானெட்டைத் திறந்தால் மட்டும்.

ஒரு வேண்டுகோள். தாங்கள் கட்டிய காரைப் பற்றி எழுதி அனுப்புகிறவர்கள் என்ஜின் எடையை ஆளுக்கொரு விதமாகத் தருகிறார்கள். ஃப்ளைவீல், கிளட்ச், ஸ்டார்ட்டர், ஆல்டர்னேட்டர், மேனிஃபோல்டுகள், எண்ணெய் ஆகியவற்றில் எவை தராசில் இருந்தன என்று சொல்லாத எடையை அடுத்த இதழ் முதல் அச்சிட மாட்டோம். கிராங்க் மையத்திலிருந்து சம்ப்பின் அடிவரை உள்ள ஆழத்தையும், பெல் ஹவுசிங்கின் நீளத்தையும், இன்புட் ஷாஃப்டின் ஸ்பிளைன் எண்ணிக்கையையும் சேர்த்து அனுப்புங்கள். குதிரைத்திறன் எண்ணுக்கு இடம் மிஞ்சினால் அதையும் போடுகிறோம்.